பளபளவென்று வரும் .223 உறைகள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளை உறையில் மறுபடி வெடிமருந்து நிரப்பிப் பயன்படுத்துபவர்களுக்காக இது. அதற்காக வாங்கிய சரக்கின் விளம்பரத்தில் இருந்தது இது: .223 ரெமிங்டன் ரைஃபிள் தோட்டா, லேக் சிட்டி (அமெரிக்க ராணுவத் தோட்டா ஆலை) உறை, ஒரே ஒரு முறை சுட்டது, ஸ்டீல் ஊசி போட்டுக் கழுவியது, அளவுக்கு அழுத்தி நீளம் வெட்டியது, 1000 எண்ணிக்கை, அப்படியே மருந்து நிரப்பலாம். பெட்டியில் வந்தது வேறு.

தராசில் வைத்ததுமே முதல் பொய் தெரிந்துவிட்டது. ஒரு .223 உறை சுமார் 93 கிரெய்ன் இருக்கும். ஒரு பவுண்டு 7000 கிரெய்ன். ஆக பவுண்டுக்கு 75 உறை. ஆயிரம் என்றால் 13 பவுண்டுக்கு மேல் நிற்க வேண்டும். வந்தது 12.2 பவுண்டு. எண்ணினால் 914. அந்த எடையிலும் உள்ளே தங்கியிருந்த ஈரமும் சிக்கிக் கிடந்த ஊசிகளும் சேர்த்தி.

எண்ணிக்கை குறைந்ததைக்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது அடுத்தது. கேலிப்பரில் 50 உறைகளை அளந்ததில் 19 உறைகள் 1.760 அங்குலத்தைத் தாண்டியிருந்தன. .223-க்கு உச்ச நீளமே அதுதான், வெட்டினால் 1.750-க்கு வந்திருக்க வேண்டும். சில உறைகளில் ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்க அடியில் பதிக்கும் சிறு மூடி) எதிர்ப்பே இல்லாமல் குழிக்குள் போய் உட்கார்ந்தது. வாய் விளிம்புகள் மடிந்து தடித்திருந்தன. 41 உறைகளின் கழுத்தில் நெடுக்காக மயிரிழை விரிசல். பையைத் திறந்தபோது மூக்கில் ஏறிய நெடிக்கு அர்த்தம் அதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "நாங்கள் உத்தரவாதம் தருவது சுத்தத்துக்கு மட்டும். மினுக்கம் கூட வரட்டும் என்று கடைசிச் சுற்றில் மெட்டல் பாலிஷ் ஒரு மூடி விட்டோம்." அந்த ஒரு மூடிதான் விஷயமே.

பிராசோ போன்ற பழைய வகை மெட்டல் பாலிஷ்களில் அம்மோனியா உண்டு. கண்ணாடி துடைக்கும் திரவங்கள் பலவற்றிலும் உண்டு. குத்துவிளக்குக்கு அது பெரிய கெடுதல் செய்யாது. தோட்டா உறைக்குச் செய்யும். உறைக்கான பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். தகட்டை வெறும் அழுத்தத்திலேயே இழுத்து இழுத்துக் குழலாக்குவதால் உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. சுடும்போது விரிந்து, டையில் (அளவுக்கு அழுத்தும் அச்சில்) மறுபடி சுருங்கும் கழுத்திலும் தோளிலும் அது இன்னும் ஏறும். அங்கே அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால், செம்போடு கூடி நீரில் கரையும் சேர்மமாகிறது. அது உலோகத்தின் நுண் மணிகளுக்கு இடையிலான எல்லைகளைப் பிடித்துத் தின்று கொண்டே போகும். மேலே மினுமினுப்பு இருக்கும், உள்ளே பிளவு வளரும்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் நம் நாட்டிலேயே பார்த்த கோளாறு. மழைக்காலத்தில் குதிரை லாயங்களை ஒட்டி அடுக்கி வைத்த தோட்டாக்களின் உறைகள் தாமாகவே விரிசல் விட்டுப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, மழையின் ஈரம், பித்தளையின் இறுக்கம், மூன்றும் ஒரே இடத்தில் கூடியதுதான் காரணம். மழைப் பருவத்தோடு வந்ததால் அதற்குப் 'பருவ விரிசல்' என்ற பெயரே வந்தது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் அதன் காரணத்தை விளக்கி எழுதினார்கள். நூறு வருடம் கழித்தும் ஒருவர் அதே அம்மோனியாவைக் காசு வாங்கிக்கொண்டு உறையில் பூசி அனுப்புகிறார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஒருமுறை பட்டு உடனே நன்றாக அலசிவிட்டால் உறை அன்றைக்கே உடைந்துவிடாது, உண்மைதான். ஆனால் எவ்வளவு நேரம் ஊறியது, அலசினாரா, ஈரத்தோடு எத்தனை நாள் பையில் கிடந்தது என்று வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? தெரியாத உறையில் மருந்து போடக் கூடாது. .223-இன் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. கழுத்து பிளந்தால் குண்டுக்குப் பிடிப்பு போகும், வாயு கசியும். உடலோ அடியோ பிளந்தால் அந்த வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. பாலிஷ் என்பது சாட்சியங்களை அழிக்கும் வேலை. அழுக்கான உறை தன் கதையைத் தானே சொல்லும். ஜி3 வகைத் துப்பாக்கியில் சுட்ட .308 உறையின் மேல் கரிக் கோடுகள் வரிவரியாக நிற்கும். அழுத்தம் மிஞ்சியிருந்தால் தட்டையான ப்ரைமரும் அடியில் எஜெக்டர் (உறையை வெளியே தள்ளும் முள்) தேய்ந்த தடமும் காட்டிக் கொடுக்கும். கழற்றாத ப்ரைமரைச் சுற்றி ராணுவக் கிரிம்ப் (ப்ரைமர் நழுவாதபடி அழுத்திய விளிம்பு) அப்படியே இருந்தால், அது முதல் சூடுதான் என்று ஏறக்குறைய உறுதி. லேக் சிட்டி உறையின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகத் தெரியும் கறை, கழுத்தைச் சூடாக்கி இளக்கியதற்கு அடையாளம்; ராணுவம் அதைத் துடைக்காமல் விடச் சொல்கிறது. பளபளக்கக் கழுவி, ப்ரைமரைத் தட்டி எடுத்து, கிரிம்பையும் நீக்கிவிட்டால் இவை எல்லாம் போயிற்று. அதற்குக் கூடுதல் விலையும் கொடுக்கிறோம்.

வந்த சரக்கில் 'ஒரு முறை சுட்டது' என்பதை உடைத்தது ப்ரைமர் குழிதான். சில குழிகளில் கிரிம்பை வெட்டுக் கருவியால் சீவியிருந்தார்கள், சிலவற்றில் அழுத்தி விரித்திருந்தார்கள். ஒரே பட்டறையில் ஒரே சமயம் செய்த வேலை இரண்டு விதமாக இருக்காது. பல கைகள் மாறிய உறைகளைக் கொட்டிக் கலந்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? எதையும் டம்ப்ளரில் (உறை கழுவும் சுழல் உருளையில்) போடும் முன் எடை போடுங்கள், பெட்டியோடு படம் எடுங்கள். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை ஒரு மில்லிமீட்டர் மடக்கிக் கூராக்கி, உறைக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுங்கள். அடிக்குச் சற்று மேலே பள்ளத்தில் தட்டுவது போலிருந்தால் சுவர் மெலிந்துவிட்டது. அடுத்த சூட்டில் உறை இரண்டாகப் பிரியலாம். வெளியே அதே இடத்தில் வெளிர் வளையம் தெரிந்தாலும் அதே தீர்ப்பு. கழுத்தை நல்ல வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள், பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. ப்ளாஷ் ஹோலில் (ப்ரைமரின் தீ உள்ளே போகும் துளையில்) வெளிச்சம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். .223-இன் கழுத்து உள்விட்டம் சுமார் 0.224 அங்குலம், வழக்கமான ஊசியின் நீளம் 0.255, குறுக்கே மாட்டினால் கவிழ்த்துத் தட்டினாலும் விழாது.

இளஞ்சிவப்புத் திட்டுகள் பற்றியும் கேட்பார்கள். புளி போட்டு வைத்த பித்தளைப் பாத்திரத்தை மறந்துவிட்டால் நிறம் மாறுமே, அதே சங்கதி. அமிலம் கூடினால் துத்தநாகம் கரைந்து செம்பு மேலே தெரியும், அல்லது தண்ணீரில் கரைந்த செம்பு திரும்ப வந்து படியும். மறுபடி ஒரு சுற்றுவிட்டால் போகும் மெல்லிய படலம் பயப்பட வேண்டியதில்லை. போகாத திட்டு உள்ள உறையைக் கழித்துவிடுங்கள்.

உண்மையில் இந்த வேலைக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. அழுக்கு உறையை, ப்ரைமரோடு, மலிவாக வாங்குங்கள். முதலில் தரம் பிரித்து, யுனிவர்சல் டீகேப்பிங் டையில் ப்ரைமரை எடுங்கள்; கண்ணாடி போடாமல் இதைச் செய்யாதீர்கள், இன்னும் வெடிக்காத ப்ரைமர் ஒன்றிரண்டு கலந்தே வரும். 15 பவுண்டு தாங்கும் சுழல் டம்ப்ளருக்குப் பழகிய கணக்கு: ஊசி 5 பவுண்டு, உறை 2 பவுண்டு, தண்ணீர் ஒரு கேலன், பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு மேசைக்கரண்டி, சிட்ரிக் அமிலத் தூள் கால் தேக்கரண்டி. இரண்டு பவுண்டு என்றால் .223-இல் 150 உறைகள். ஆசைப்பட்டு 300 போட்டால் ஒன்றோடொன்று நெருக்கி உள்பக்கம் அழுக்காகவே நிற்கும். இரண்டு மணி நேரத்தில் பாருங்கள், நான்கு போதும். இரவெல்லாம் ஓடவிட்டால் வாய் விளிம்பு தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு உள்ளே மடியும். வந்த சரக்கில் இருந்த கோளாறு அதுதான். வாய் விளிம்பைச் சேம்ஃபர் கருவியால் சீவாமல் குண்டை உட்கார வைத்தால், அந்த விளிம்பு குண்டின் மேலுள்ள செம்புப் போர்வையைச் சுரண்டிவிடும். அமிலத்தைக் கூட்டிப் போட்டு நேரத்தைக் குறைக்கலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் இளஞ்சிவப்பு உறை கிடைக்கிறது.

அலசுவதில் சோம்பல் கூடாது. நுரை நிற்கும்வரை மாற்றி மாற்றித் தண்ணீர். பிறகு துண்டில் உருட்டி, வெயிலிலோ பழம் உலர்த்தும் பெட்டியிலோ முழுவதும் காயவிடுங்கள். அந்தப் பெட்டி பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது. அவசரத்துக்கு டார்ச்சு நெருப்பைக் காட்டுபவர்கள் அடிப்பகுதியை மென்மையாக்கிவிடுவார்கள்; கழுத்து மென்மையாக இருக்கலாம், அடி இருக்கவே கூடாது.

மக்காச்சோளத் தக்கைத் தூளில் உலர் பாலிஷ் செய்வதிலும் தவறில்லை, அம்மோனியா இல்லாத பாலிஷ் என்று லேபிளில் பார்த்துவிட்டு ஊற்றினால். ஆனால் தூசியைக் கவனியுங்கள். பெரும்பாலான ப்ரைமர்களின் மருந்தில் ஈயச் சேர்மம் இருக்கிறது, சுட்ட பின் உறைக்குள் கரியோடு தங்கும். மூடியில்லாத டம்ப்ளரை வீட்டுக்குள் ஓட்டினால் அது தரைக்கும் குழந்தையின் கைக்கும் போகும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021-இல் குழந்தைகளின் ரத்த ஈயத்துக்கான குறிப்பு அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாக இறக்கியிருக்கிறது. மிகச் சிறிய அளவு அது. தூளை வெளியில் வைத்துச் சலியுங்கள், முகக்கவசம் போடுங்கள், கழுவிய கறுப்புத் தண்ணீரைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள்.

இன்னொன்று. ஊருக்குப் புறப்படும்போது பைகளின் மூலைமுடுக்கெல்லாம் தடவிப் பாருங்கள். இந்திய விமான நிலையத்தில் ஒரே ஒரு காலி உறை அகப்பட்டாலும் ஆயுதச் சட்டத்தின் பெயரில் விசாரணை வரலாம். ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சிக் களத்துக்கு) கொண்டுபோன பையை விமானத்துக்கு எடுக்கவே வேண்டாம்.

விற்றவர் கடைசியில் பாதிப் பணம் தருவதாகவும், முழுப் பணம் வேண்டுமானால் சரக்கைத் திருப்பி அனுப்பும்படியும் சொன்னார். திருப்பி அனுப்பினால் அந்த 914 உறைகளும் இன்னொரு முறை பாலிஷ் ஆகி வேறொருவர் பெஞ்சுக்குப் போகும். அதனால் பாதிப் பணமே போதும் என்று ஒப்புக்கொண்டு, ஒவ்வொரு உறையின் வாயையும் குறடால் நசுக்கிப் பழைய பித்தளைக்குப் போட்டாயிற்று. உங்களுக்கும் இப்படி வந்தால் நசுக்காமல் குப்பையில் எறியாதீர்கள். ரேஞ்சுத் தொட்டியிலிருந்து பொறுக்குபவர்கள் இருக்கிறார்கள்.