ஏற்காட்டு எஸ்டேட் பங்களா: மாணவர் கணினி மன்றத்தின் இரவு முகாமுக்கு எந்த அளவு ஏற்றது?

சேலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத் துறையின் மாணவர் கணினி மன்றத்துக்கு இவ்வாண்டு நான் தலைவி. சென்ற நவம்பரில் ஒரு சனி, ஞாயிறு இரு நாள்களும் 38 மாணவர்களையும் இரண்டு ஆசிரியர்களையும் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் ஒரு பழைய பங்களாவில் தங்கவைத்து முகாம் நடத்தினோம். ஏரிக்கு எவ்வளவு தூரம், சேர்வராயன் கோயிலுக்கு எப்போது கிளம்ப வேண்டும், எந்த அறையிலிருந்து மூடுபனி அழகாகத் தெரியும் என்பதையெல்லாம் சுற்றுலா வந்தவர்கள் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூட்டமாக வருகிறவர்களுக்கு இந்த இடம் எப்படி இருக்கும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். குறைகளை நேரிலேயே சொல்லிவிட்டோம். சரிசெய்ய அவர்கள் அவகாசம் கேட்டிருப்பதால் பங்களாவின் பெயரைக் குறிப்பிடவில்லை.

மலைக்கு மேல் போய்த்தான் நிரல் எழுத வேண்டுமா என்று துறையிலேயே கேட்டார்கள். எங்கள் மன்றத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஓமலூர், மேட்டூர், எடப்பாடி, ஆத்தூர், ராசிபுரம் என்று நாலா பக்கத்திலிருந்தும் தினமும் பேருந்தில் வந்து போகிறவர்கள். நான்கரை மணிக்குக் கூட்டம் தொடங்கினால், ஒருவருக்கு மென்பொருளை நிறுவிக் கொடுத்து முடிப்பதற்குள் ஐந்தேகால் ஆகிவிடும். பின்வரிசையில் பைகளின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்கத் தொடங்கும். இரண்டு ஆண்டுகளாக எங்கள் பயிலரங்குகள் எல்லாமே ‘நிறுவுதல்’ என்ற முதல் படியிலேயே நின்றுபோனதற்குக் காரணம் மாணவர்களின் ஆர்வக் குறைவு அன்று, பேருந்து நேரம். ஆகவே எங்களுக்குத் தேவைப்பட்டது ஓர் இரவு. நகரத்துக்குள் நாற்பது பேர் ஒரே கூரையின்கீழ் தங்க மண்டபம்தான் எடுக்க வேண்டும். முகூர்த்த மாதத்தில் அதன் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

மாணவிகள் 17 பேர். அவர்களுடைய வீட்டு அனுமதி இல்லாமல் முகாமே இல்லை. துறையின் கடிதத்தை அனுப்பினோம், உடன் வரும் ஆசிரியையின் எண்ணைக் கொடுத்தோம், ஆனாலும் ஆறு வீடுகளில் மறுப்புத்தான் வந்தது. முன்பணம் கொடுக்கப் போன அன்று இதைப் பங்களாவின் பொறுப்பாளருடைய மனைவியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். “நம்பரைக் குடு கண்ணு, நான் பேசுறேன்” என்று வாங்கிக்கொண்ட அந்த அம்மா, எடப்பாடியில் இருக்கும் ஒரு தாயிடம் கால் மணி நேரம் பேசினார்: மாணவிகளுக்கு மாடி முழுவதும் தனி, மாடிப்படிக் கதவு உள்ளிருந்து தாழிடப்படும், தானும் அங்கேதான் படுப்பார். ஆறு வீடுகளில் ஐந்து சம்மதித்தன. முகாம் இரவில் அவர் சொன்னபடியே மாடி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தார். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த இடத்தை மற்றவர்களுக்குச் சொல்வேன்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள். குமட்டல் வருகிறவர்களை முன் இருக்கைகளில் உட்கார வையுங்கள். பங்களாவுக்குத் திரும்பும் தோட்டப் பாதையில் பெரிய பேருந்து நுழையாது, வேன்தான் எடுக்க வேண்டும்.

இனி மின்சாரம். இதைத்தான் முன்பதிவுக்கு முன் நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நான் கேட்டது இணைய வேகத்தை மட்டும். பங்களாவின் கூடத்தில் எட்டு பிளக் பாயிண்டுகள் இருந்ததைப் பார்த்து, எட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். அந்த எட்டும் ஒரே 6 ஆம்பியர் எம்சிபியிலிருந்து (சுமை மிகுந்தால் தானாகவே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போகின்றன என்பது முதல் நாள் மாலைதான் தெரிந்தது. 6 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். எங்களிடம் இருந்தவை 27 மடிக்கணினிகள். பெரும்பாலானவற்றின் சார்ஜர் 65 வாட். காலையிலிருந்து பயணத்தில் பேட்டரி தீர்ந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் செருகியபோது 1,755 வாட். அதன்மேல் புரொஜெக்டர் ஏறத்தாழ 300 வாட். கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுத்தது. எம்சிபி இந்த அளவு மிகைச் சுமைக்கு உடனே விழாது. உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்த பிறகே விழும். அதனால் தூக்கிவிட்டதும் எரியும், சில நிமிடம் கழித்து அணையும். நான்கு முறை இப்படி ஏமாந்த பிறகு, ‘எதாவது ஒரு சார்ஜர் பழுது’ என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்து ஒரு மணி நேரத்தை வீணடித்தோம். இளநிலையில் இயற்பியல் படித்த மாணவி ஒருத்தி தாளில் கணக்குப் போட்டுக் காட்டியபோது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

பொறுப்பாளர் அண்ணன் நல்ல மனிதர். இன்னும் பெரிய எம்சிபியை மாட்டிவிட்டால் போகிறது என்று ஒரு மாணவன் சொன்னபோது, பழைய வயரிங் அதைத் தாங்காது, வயர்தான் எரியும் என்று அவர் மறுத்தது மிகச் சரி. மாறாக, சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனி எம்சிபி இருப்பதைக் காட்டினார். மாவாட்டாத நேரங்களில் சமையலறையின் 16 ஆம்பியர் பாயிண்டையும் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். இரவு ஒன்பது மணியிலிருந்து மூன்று இடங்களுக்கும் ஒன்பது ஒன்பதாகப் பிரித்தோம். அதன்பின் ஞாயிறு மாலைவரை ஒரு முறைகூட விழவில்லை. குளிக்க விறகு பாய்லரில் வெந்நீர் என்பதும் தற்செயலாக நன்மையாயிற்று. கீசர்கள் இருந்திருந்தால் மின்சாரத்துக்கு இன்னொரு போட்டி இருந்திருக்கும்.

இணையம் இருக்கிறது என்றார்கள். இருந்தது, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிவரை. மழையில் எங்கோ கேபிள் அறுந்ததாகச் சொன்னார்கள், நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்ப வேண்டாம்: பெரும்பாலான கைப்பேசிகளில் எட்டு, பத்துக் கருவிகளுக்கு மேல் சேராது, அங்கே வராந்தாவின் ஒரு மூலையைத் தவிர சிக்னலும் நிலையாக இல்லை. இதற்குப் பங்களாவை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் மலைமேல் இணையம் போவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. இதில் மட்டும் எங்களிடம் முன்னேற்பாடு இருந்தது. நிறுவல் கோப்புகள், பைத்தான் நிரல்மொழிக்கான பொதிகள், இணையமின்றி இயங்கும் கிவிக்ஸ் செயலியில் படிப்பதற்கான தமிழ் விக்கிப்பீடியாத் தொகுப்பு ஆகியவற்றை ஒரு பழைய மடிக்கணினியில் சேலத்திலேயே இறக்கிவைத்திருந்தோம். இணையம் அறுந்தாலும் ரௌட்டர் உயிரோடு இருந்ததால், அந்த மடிக்கணினியே உள்ளூர்ச் சேவையகம் ஆயிற்று. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதத் தொடங்கிய கிட், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்; ஒவ்வொருவருடைய கணினியிலும் அந்த மாற்றங்களின் முழு வரலாற்றையும் வைத்துக்கொள்வது. ஒரு மாற்றத்தைப் பதிய (கமிட் செய்ய), தனிக் கிளையாகப் பிரிக்க, மீண்டும் இணைக்க இணையமே தேவையில்லை. கிட்டும், கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பும் ஒன்றே என்று நினைத்துக்கொண்டிருந்த இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு, கூடத்தின் மூலையில் இருந்த அந்த உடைந்த விசைப்பலகைக்காரக் கணினிக்குத் தங்கள் நிரலைத் தள்ளிப் பார்த்தபோதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்தது. ரௌட்டர் ஒன்றே ஒன்றுதான். கருங்கல் சுவர்களைத் தாண்டி மாடிக்கு அலை எட்டவில்லை. சொந்தமாக இன்னொரு ரௌட்டரும் நீளமான கேபிளும் கொண்டுபோங்கள்.

கூடத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. நீளமானது, ஒரு பக்கச் சுவர் வெறும் வெள்ளையடித்தது, திரை தேவைப்படவில்லை. தரையில் பாய், சுற்றிலும் திண்டு. மேசை நாற்காலி இல்லாதது முதலில் குறையாகத் தோன்றினாலும், முதுநிலை மாணவர்கள் முன்வரிசை, முதலாண்டு பின்வரிசை என்று வகுப்பில் தானாக அமையும் ஒழுங்கு அங்கே அமையவே இல்லை. தமிழ் ஊர்ப்பெயர்களை அகர வரிசைப்படுத்தும் ஒரு சிறு நிரலைத்தான் பயிற்சியாக வைத்திருந்தோம். பைத்தானின் வரிசைப்படுத்தும் கட்டளை யூனிகோடு எண்களை, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் தரப்பட்டுள்ள எண்களை, பார்த்து அடுக்குகிறது. அந்த அட்டவணையில் ‘ன’ என்ற எழுத்து ‘ந’வுக்கு அடுத்தே, ‘ர’வுக்கு முன்பே வருவதால் கருப்பூருக்கு முன்னால் கன்னங்குறிச்சி வந்து நிற்கும். நமது நெடுங்கணக்கில் னகரம்தானே கடைசி. சுவரில் அந்தத் தவறான பட்டியல் விழுந்ததும், ஆங்கிலத்தில் பேச அஞ்சி ஓராண்டாக வாய் திறக்காத ஒரு முதலாண்டு மாணவன் முதலில் எழுந்து தவற்றைச் சொன்னான். ‘ஏற்காடு’ என்பதில் நமக்கு நான்கு எழுத்து, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனியாக எண்ணும் கணினிக்கு ஏன் ஏழு என்ற கேள்வியில் தொடங்கிய வாதம் இரவு ஒன்றரை மணிவரை போயிற்று. அதுவரை விழித்திருந்து சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்ததற்குப் பங்களாக்காரர்கள் கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

உணவு நன்று. காலையில் இட்லி, பொங்கல். மதியம் சாம்பார் சாதம் தனியாகக் கட்டித் தரமாட்டார்கள், பந்தியில் உட்கார்ந்து இலை போட்டே சாப்பிட வேண்டும், அதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மாலைச் சிற்றுண்டி அவர்களுடைய தொகுப்பில் இல்லை. நாங்கள் சேலத்திலிருந்தே தட்டுவடையும் சட்னியும் காய்கறித் துருவலும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு போய் அங்கேயே செட் போட்டுக் கொடுத்தோம். இரண்டு ஆசிரியர்களும் மாணவர்களோடு கலந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

கழிவறை நாற்பது பேருக்கு நான்கு. ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய அமர்வு எட்டரைக்குத் தொடங்கியது. முப்பது பேருக்கு மேல் அழைத்துப் போக வேண்டாம்.

கட்டணம், மூன்று வேளை உணவும் தங்குமிடமும் சேர்த்து ஒருவருக்கு 1,100 ரூபாய், மொத்தம் 44,000. இதில் குறை இல்லை. ஆனால் கிளம்பும்போது கொடுத்த ரசீதில், முன்பு பேசாத ‘மின்சாரம் 1,500’ என்று ஒரு வரி இருந்தது. மடிக்கணினி நிரம்பிய பிறகு இழுப்பது குறைவு. சராசரி 30 வாட் என்று வைத்து, 27 கணினிகளுக்கு 16 மணி நேரம் கணக்கிட்டால் 13 யூனிட். புரொஜெக்டரைச் சேர்த்தாலும் 16 யூனிட்டுக்குள் அடங்கும்; வணிக இணைப்பின் கட்டணத்தில் பார்த்தாலும் இது சில நூறு ரூபாயைத் தாண்டாது. கணக்கைத் தாளில் எழுதி உரிமையாளரிடம் மரியாதையாகவே கொடுத்தோம். அவர் படித்துவிட்டுச் சிரித்து 500 ஆக்கினார். எல்லாக் கட்டணங்களையும் முன்பதிவின்போதே எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்பது என் தவறுதான். மாணவர்களிடம் தலைக்கு வசூலித்த பிறகு கூடுதலாக வரும் எந்தத் தொகையும் மன்றத் தலைவரின் கைப்பணத்திலிருந்தே போகும்.

போட்டியாக நடத்தும் 24 மணி நேர ஹேக்கத்தானுக்கு (தொடர்ந்து நிரல் எழுதும் போட்டி) இந்த இடத்தை நான் சொல்ல மாட்டேன். அதற்கு வேண்டிய மின்சாரமும் இணையமும் இங்கே இல்லை. முப்பது பேருக்குள், ஒரே ஒரு பொருளை ஆழமாகப் படிக்கும் பயிலரங்கு என்றால் தயங்காமல் போகலாம். நவம்பரைத் தவிர்த்து, மழை ஓய்ந்த பிப்ரவரியில் போவது மேல். கூடத்துக்கு 16 ஆம்பியரில் தனி இணைப்பு இழுக்கப்போவதாகப் பொறுப்பாளர் அண்ணன் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டுக்கான தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் மாணவனிடம் அவருடைய எண்ணையும், எந்த பிளக் பாயிண்ட் எந்த எம்சிபியில் இருக்கிறது என்று நாங்கள் வரைந்த படத்தையும் கொடுத்திருக்கிறேன். அந்தப் படம் கிட் களஞ்சியத்திலும் இருக்கிறது, புதிய மின் இணைப்பு வந்ததும் அவன் திருத்திக்கொள்வான்.