வெண்டோவரா, ரைஸா?

அமெரிக்கப் பாலைவனத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான தளங்களுள் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால், யூட்டாவின் வெண்டோவருக்கே முதலில் போங்கள் என்பேன்.

பான்வில் உப்புவெளியின் ஓரத்தில் 1942-இல் செயல்படத் தொடங்கிய தளம் இது. ஆள் நடமாட்டமில்லாத அந்த வெட்டவெளி, ரகசியம் காக்கவும் குண்டு போட்டுப் பழகவும் வசதியாக இருந்தது. 1944 டிசம்பரில் பால் டிபெட்ஸ் தலைமையில் 509-ஆம் படைப்பிரிவு இங்கேதான் உருவானது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய பிரிவு. அந்தக் குண்டைச் சுமந்து சென்ற எனோலா கே விமானம் நின்ற கொட்டகையைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் என்னை உலுக்குவது தரையில் இருக்கும் கான்கிரீட் குழிதான். குண்டு அவ்வளவு பெரியது. பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே நுழையாது. அதனால் குண்டைக் குழிக்குள் இறக்கி, விமானத்தை அதன்மேல் நிறுத்தி, கீழிருந்து தூக்கி ஏற்றினார்கள். ஒரு நகரத்தின் சாவுக்கான ஒத்திகை இந்தக் குழியில் நடந்தது.

கலிபோர்னியாவின் ரைஸ் விமான தளம் வேறு மாதிரி. ஜெனரல் பேட்டன் தொடங்கிய பாலைவனப் பயிற்சி மையத்துக்குத் துணையாக 1942-இல் வந்தது. 1944-இல் மையத்தையே மூடிவிட்டார்கள். இன்று கொட்டகையும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. வெடித்த தார், அதில் முளைத்த புதர், அவ்வளவுதான். செயற்கைக்கோள் படத்தில் மட்டும் ஓடுபாதைகளின் கோடுகள் தெரிகின்றன.

வெண்டோவரில் இன்றும் சிறு விமானங்கள் இறங்குகின்றன. ரைஸுக்குப் போவதானால் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.