பழைய ராட்செட்டைப் பிரித்து மாட்டிய 11 ஆண்டுகள்

நட்டையும் போல்ட்டையும் கவ்வும் சாக்கெட் குழலை முனையில் மாட்டி, முன்னும் பின்னும் அசைத்தே முறுக்கவும் கழற்றவும் உதவும் ராட்செட் கைப்பிடிகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்று அப்பா விட்டுச் சென்ற அரை அங்குலம்; சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு அது. பட்டறையில் இதை ‘நாலு நூல்’ என்பார்கள். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது கணக்கு. இரண்டாவது கோவை உக்கடத்தில் ஒரு காயலான் கடையில் 150 ரூபாய் கொடுத்து வாங்கிய மூன்று நூல், அதாவது 3/8 அங்குலம். மூன்றாவது பளபளவென்று பெட்டியோடு புதிதாக வாங்கியது. ஒன்றரை ஆண்டில் உயிரை விட்டுவிட்டது. முதல் இரண்டும் என் வயதை ஒத்தவை; இன்றும் வேலை செய்கின்றன.

நான் மெக்கானிக் அல்லன். ஒரு பழைய புல்லட், அதைவிடப் பழைய ஜீப், தோட்டத்தில் ஒரு தண்ணீர் மோட்டார், இவற்றைச் சொந்தக் கையால் பார்த்துக்கொள்கிறவன். மாதத்தில் நாலைந்து நாள் ராட்செட் கையில் இருக்கும். 11 ஆண்டுகளாக இவற்றைப் பிரித்து, கழுவி, மாட்டிப் பார்த்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன். செய்த தவறுகளையும் மறைக்கவில்லை.

அப்பா பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் ராட்செட்டின் கைப்பிடியில் கம்பெனிப் பெயர் உள்ளங்கையிலேயே தேய்ந்து போய்விட்டது. ‘குரோம் வனேடியம்’ என்ற எழுத்து மட்டும் மிச்சம். அது எஃகின் பெயர். என் கைக்கு வந்தபோது ராட்செட் ஊமையாக இருந்தது. டிக் டிக் சத்தம் இல்லை. இடப்பக்கம் திருப்பினாலும் வலப்பக்கம் திருப்பினாலும் வழுக்கியது. தெருமுனைப் பட்டறைக்காரர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “பல் போய்விட்டது சார், பழைய இரும்புக்குப் போடுங்கள்” என்றார். பிரித்துப் பார்த்தால் பல் ஒன்றுகூடப் போகவில்லை. உள்ளே கிரீஸ் காய்ந்து, ஆறிப்போன கருப்பட்டிப் பாகுபோல இறுகிக் கிடந்தது. அவ்வளவுதான் நோய்.

அதன்பின் நண்பர்கள் கொண்டுவந்தவற்றையும் சேர்த்து ஏழு ராட்செட்டுகளைப் பிரித்திருக்கிறேன். ஐந்தில் இதே கதை. ‘பல் போச்சு’ என்பது பெரும்பாலும் திறந்து பார்க்காமல் சொல்லும் தீர்ப்பு.

உள்ளே இருப்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சாக்கெட் மாட்டும் சதுர முனையோடு சேர்ந்த ஒரு பல்சக்கரம். அதன் பல்லைக் கவ்வும் ஒரு சிறு எஃகுத் துண்டு. ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘பால்’ என்று ஒலிப்பதால், எழுதினால் டீக்கடை ஞாபகம் வரும், ஆகவே கவ்வி என்று வைத்துக்கொள்கிறேன். கவ்வியைப் பல்லின் மேல் அழுத்தி வைக்க ஒரு ஸ்பிரிங். எந்தத் திசையில் கவ்வ வேண்டும் என்று மாற்ற ஒரு நெம்பி. கைப்பிடியைப் பின்னால் இழுக்கும்போது கவ்வி ஒவ்வொரு பல்லாக ஏறி விழுகிறது. அந்த விழும் ஓசைதான் டிக் டிக். ஓசை மந்தமானால் கவ்வி முழுதாக விழவில்லை என்று பொருள். பல்லின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். நாம் பலம் கொடுத்ததும் வழுக்கும். நுனி உடைவதும் அப்படித்தான்.

பிரிக்கும் முன் ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை டிக் என்று எண்ணி எழுதிக்கொள்வேன். அப்பாவுடையது 24. 360ஐ 24ஆல் வகுத்தால் 15. அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடி 15 பாகை நகர வேண்டும். புதியது 72 பல், 5 பாகை போதும். இஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே கை நுழையாத சந்தில் இந்த வித்தியாசம் உயிர்நாடி. ஜீப்பின் ஸ்டார்ட்டர் மோட்டார் போல்ட்டைக் கழற்றும்போது 24 பல்லைச் சபிக்காத நாள் இல்லை. இரண்டு கவ்விகளை அரைப்பல் தள்ளி வைத்த ராட்செட்டுகளும் உண்டு. அவற்றில் பல்லைவிட டிக் இரு மடங்கு வரும்.

அப்பாவுடையது பேரிக்காய்த் தலை. பின்புறம் ஒரு தகடு, இரண்டு திருகாணிகள். முதல் தவறு இங்கேயே. கையில் கிடைத்த சிறிய ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பி ஒரு திருகாணியின் காடியைச் சிதைத்துவிட்டேன். காடியின் நீளம், அகலம் இரண்டையும் நிரப்பும் முனை வேண்டும். பிடிவாதமாக நின்றால் இரவு மண்ணெண்ணெயும் கொஞ்சம் இஞ்சின் ஆயிலும் கலந்து ஒரு சொட்டு விட்டு வைத்து, காலையில் ஸ்க்ரூடிரைவரைக் காடியில் ஊன்றி அதன் தலையில் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. அந்த அதிர்ச்சியில் துரு விட்டுக்கொடுக்கும். நெருப்பு காட்டாதீர்கள். பக்கத்திலேயே பதம் ஏற்றிய பல்லும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. சூட்டில் பதம் போய்விடும்.

இரண்டாவது தவறு, தகட்டைச் சட்டென்று தூக்கியது. நெம்பிக்கு அடியில் ஸ்பிரிங்கின் தலையில் உட்கார்ந்திருந்த எஃகுக் குண்டு ‘டிங்’ என்று பறந்து ஆட்டுக்கல்லுக்கு அடியில் போய்விட்டது. பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி அரைநாள் துழாவியதில் இரண்டு ஆணியும் ஒரு ஊக்கும் கிடைத்தன, குண்டு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கண்ணாடிபோல் தெரியும் பெரிய பாலித்தீன் பைக்குள் இரண்டு கையையும் விட்டுத்தான் தகட்டைத் திறக்கிறேன். பறந்தாலும் பைக்குள்தான் பறக்கும். கழற்றிய வரிசையிலேயே எவர்சில்வர் தட்டில் இடமிருந்து வலமாக அடுக்கிவிடுவேன். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்வேன். கவ்வியின் எந்த முகம் மேலே இருந்தது என்பது மறுநாள் நிச்சயமாக மறந்துபோகும்.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய். அது கிடைப்பது அரிதாகிவிட்டதால் இப்போதெல்லாம் டீசல். இரவு முழுக்க ஊற வைத்து, காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பெட்ரோல் வேகமாகக் கரைக்கும் என்பது உண்மைதான்; வீட்டுக்குள் அந்த ஆவியோடு விளையாடும் வேகம் எனக்கு வேண்டாம். துருவுக்குப் புளி. பித்தளைக் குடத்தை மினுக்கும் அதே புளியமிலம் இரும்புத் துருவையும் மெல்ல இளக்கும். ஆனால் கைப்பிடிக்கு மட்டும். ஸ்பிரிங்கை அமிலத்தில் ஊறப் போடாதீர்கள். ஹைட்ரஜன் ஏறி எஃகு நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். குரோம் முலாம் உரிந்த இடத்தில் விளிம்பு பிளேடுபோல இருக்கும். நைஸான உப்புத்தாளால் மழுக்கிவிட்டால் உள்ளங்கை பிழைக்கும். முழுக் கைப்பிடியையும் பளபளப்பாக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை.

கழுவியபின் கவ்வியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இருபுறமும் ஒரே வடிவம் கொண்ட கவ்வியில் ஒரு முனை முறுக்குவதற்கும் மறுமுனை கழற்றுவதற்கும் வேலை செய்யும். துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுவது கழற்றும்போதுதான் என்பதால் அந்த முனை முதலில் தேயும். வடிவம் ஒத்திருந்தால் கவ்வியைத் தலைகீழாகப் புரட்டிப் போடலாம். தேயாத முனை கழற்றும் பக்கத்துக்கு வந்துவிடும். அப்பாவுடையதை அப்படித்தான் போட்டிருக்கிறேன். நுனியில் சிறு பிசிறு இருந்தால் எண்ணெய் தடவிய சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு. பல் உருண்டுபோயிருந்தால் அரத்தை எடுக்காதீர்கள். மேலே உள்ள கடினமான தோலைச் சீவிவிட்டு உள்ளே இருக்கும் மெத்தென்ற எஃகைக் கொண்டு ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது.

இனி கிரீஸ். மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன் என்றும் சொல்லலாம். முதல் முறை கழுவி முடித்த மகிழ்ச்சியில், சக்கர பேரிங்குக்குப் போடும் கெட்டியான கிரீஸைத் தலை நிறைய அடைத்தேன். நல்லது நிறையப் போட்டால் மிக நல்லது என்ற நினைப்பு. கோவை வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. கை வழவழவென்று ஓடியது. சத்தம் மட்டும் குறைந்திருந்தது, அதையும் நான் தரத்தின் அடையாளம் என்று எண்ணிக்கொண்டேன். டிசம்பரில் ஜீப்பை எடுத்துக்கொண்டு குன்னூர் போனபோது விடியற்காலையில் சைலன்சர் கிளாம்ப் தளர்ந்து ஆடியது. ராட்செட்டை மாட்டி முழு பலத்தோடு ஒரு முறுக்கு. குளிரில் இறுகிய கிரீஸில் கவ்வி பாதி வழியில் நின்றிருக்கிறது. வழுக்கியது. என் விரல் முட்டி நேராகச் சட்டத்தின் விளிம்பில். தழும்பு இன்னும் இருக்கிறது. கவ்வியின் ஒரு நுனியில் சின்னச் சில்லும் பெயர்ந்திருந்தது.

இப்போது செய்வது இது. பல்சக்கரம் உட்கார்ந்து சுழலும் வழவழப்பான பரப்பில் மட்டும் லேசான லித்தியம் கிரீஸ், ஒரு பச்சைப்பயறு அளவு, விரலால் வழித்து மீதியை எடுத்துவிட வேண்டும். கவ்விக்கும் ஸ்பிரிங்குக்கும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. மூடியபின் டிக் ஓசை கூர்மையாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கூடுதலாகப் போட்டுவிட்டீர்கள், திறந்து துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 பாகை வெப்பத்துக்குக் கீழே அது உறையும், நாள்பட்டால் பிசினாகும். என் அத்தையின் தையல் மிஷின் ஒரு மார்கழி முழுக்க அசையாமல் கிடந்த கதை எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்.

மாட்டுவது கழற்றுவதைவிடச் சுலபம், அவசரப்படாவிட்டால். குண்டு ஸ்பிரிங்கின் மேல் நிற்காமல் உருளும். ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும். திருகாணி தானாகக் கழலாமல் இருக்க மரையில் ஒரு துளி நகப்பூச்சு.

காயலான் கடை மூன்று நூல் வேறு வகை. வட்டத் தலை, திருகாணி கிடையாது, உள்வளைய சர்க்லிப், அதாவது காடிக்குள் விரிந்து நிற்கும் எஃகு வளையம் ஒன்றுதான் எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது. அதற்கென்று உள்ள பிளையர் இல்லாமல் தொடாதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தலையின் பின்புறம் ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் சாக்கெட் கையில் விழும். இந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் தன் 18ஆவது வயதில் இதை வடிவமைக்கத் தொடங்கினார். 1965இல் காப்புரிமை கிடைத்தது. அதிகபட்சம் 10,000 டாலர் என்ற உச்சவரம்போடு நிறுவனம் உரிமையை வாங்கிக்கொண்டது. கோடிக்கணக்கில் விற்றது தெரியவந்ததும் அவர் நீதிமன்றம் போனார். வழக்கு முடிய 1989 ஆயிற்று. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் எனக்கு அந்தப் பையனின் நினைவு வரும்.

நான் வாங்கியபோது சாக்கெட்டைப் பிடிக்கும் குண்டு அதில் இல்லை. சாக்கெட் தானாகவே கழன்று இஞ்சினுக்குள் விழுந்துகொண்டிருந்தது. சைக்கிள் கடைதான் இதற்கு மருந்து. 1/8, 5/32, 3/16, 1/4 அங்குலம் என்று சைக்கிள் குண்டுகள் வரிசையாகக் கிடைக்கும். வெர்னியர் அளவுகோலில் துளையை அளந்து கொண்டுபோனால் சில்லறைக் காசில் வேலை முடியும். ஆட்டுக்கல்லிடம் தோற்ற குண்டுக்கும் இங்கேதான் மாற்று வாங்கினேன். ஸ்பிரிங்குக்குப் பால்பாயிண்ட் பேனாவை உடைக்கச் சொல்வார்கள், நானும் உடைத்தேன். ஆறே மாதத்தில் தளர்ந்துவிட்டது. சிகரெட் லைட்டரின் கல்லுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் அதைவிட விறைப்பு. இரண்டு ஆண்டாக நிற்கிறது. ஜெர்மன், ஜப்பானிய, அமெரிக்கத் தயாரிப்புகள் பலவற்றுக்குப் பல்சக்கரம், கவ்வி, ஸ்பிரிங் சேர்ந்த தொகுதியைத் தனியாகவே விற்கிறார்கள். பெயர் தேயாத பழையது கிடைத்தால் அதை முதலில் தேடுங்கள்.

புதிய 72 பல்லின் கதை சுருக்கம். சின்னப் பல்லுக்குப் பலம் குறைவு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நல்ல எஃகில் பல பற்கள் ஒரே நேரத்தில் கவ்வும்படி செய்தால் தாங்கும். என்னுடையதில் அந்த நல்ல எஃகு இல்லை. மோட்டார் அடித்தட்டு போல்ட்டில் ஒரு நாள் கரகரத்தது. திறந்தால் கவ்வியில் மூன்று பல் காணோம். துகள்கள் கிரீஸில் மின்னிக்கொண்டிருந்தன. உதிரி பாகம் கேட்டேன். முழுப்பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர்.

ஆனால் பழி முழுக்க அதன் மேல் இல்லை. அன்று கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகியிருந்தேன். இறுகிய போல்ட்டின் முதல் அசைவுக்கு எல் ராடு எனும் பல்சக்கரம் இல்லாத வளைந்த கம்பி, அசைந்தபின் சுழற்றிக் கழற்ற ராட்செட் என்பதை அப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், இரண்டு பழையவற்றையும் திறக்கிறேன். அரை மணி நேர வேலை. போன மாதம் திறந்தபோது மூன்று நூலில் எண்ணெய் இன்னும் நிறம் மாறாமல் இருந்தது, அப்படியே மூடிவிட்டேன். அப்பாவுடையதில் நெம்பியின் அச்சுத் துளை தேய்ந்து கொஞ்சம் ஆட்டம் கொடுக்கிறது. வேலை நடுவே சில சமயம் தானாகவே திசை மாறிவிடுகிறது. லேத்தில் கொடுத்து அந்தத் துளைக்குள் ஒரு பித்தளைப் புஷ், அதாவது சிறு குழல், போட வேண்டும். அதுவரை கட்டைவிரலை நெம்பியின் மேல் வைத்துக்கொண்டே முறுக்குகிறேன்.