நோட்புக் ஃபேன் கன்ட்ரோல்: பஞ்சு பறக்கிற ஊரில் ஒரு வருஷம்

திருப்பூரில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே நிட்டிங் யூனிட். மாடியில் உட்கார்ந்து பனியனுக்குப் பிரிண்ட் டிசைன் போடுகிறேன். எட்டு கலர் செப்பரேஷன் (பிரிண்டுக்காக ஒவ்வொரு கலரையும் தனித்தனியாகப் பிரித்த ஃபைல்) ஒன்றைத் திறந்தால் போதும், லேப்டாப் கொதிக்க ஆரம்பித்துவிடும். கீபோர்டின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியாது. போன சித்திரையில் ஒரு மத்தியானம், ஃபைல் சேவ் ஆவதற்குள் தானாகவே அணைந்துபோனது. சாயங்காலம் ஃபிலிம் கொடுத்தாக வேண்டிய ஆர்டர் அது. அன்று ராத்திரி இறக்கியதுதான் நோட்புக் ஃபேன் கன்ட்ரோல். லேப்டாப் ஃபேனின் வேகத்தை நாமே மாற்ற உதவும் சாஃப்ட்வேர். காசு கிடையாது, ஓப்பன் சோர்ஸ்.

பெரும்பாலான லேப்டாப்பில் ஃபேனை ஓட்டுவது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்று தனியாக ஒரு சிப் உண்டு. எத்தனை டிகிரிக்கு எத்தனை வேகம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். இந்த சாஃப்ட்வேர் அந்தச் சிப்பிலேயே போய் எண்ணை மாற்றி எழுதுகிறது. எழுத வேண்டிய இடம் மாடலுக்கு மாடல் வேறு என்பதால் அதைக் குறித்து வைத்த கான்ஃபிக் ஃபைல் ஒவ்வொரு மாடலுக்கும் தனி. என் மாடல் லிஸ்டில் இருந்தது. உங்களுடையது இல்லையென்றால், பேர் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறதே என்று வேறொன்றைப் போட்டுவிடாதீர்கள். இருந்தாலும்கூட முதலில் ‘ரீட் ஒன்லி’யில் (எதையும் மாற்றாமல் படிக்க மட்டும்) வைத்து, காட்டுகிற வேகமும் காதில் விழுகிற சத்தமும் சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் ‘எனேபிள்டு’க்குப் போங்கள்.

ஸ்லைடரை நூறு சதவீதத்துக்குத் தள்ளினேன். ஃபேன் இரைந்தது. 98 டிகிரியில் நின்ற பிராசசர் 94-க்கு வந்தது, அவ்வளவுதான். மனசு விட்டுப்போய், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் பார்க்கிற அண்ணனிடம் எடுத்துப் போனேன். சாஃப்ட்வேரைக் காட்டியதும், “காத்தாடிய எத்தன வெசையா உட்டாலும், சன்னலு அடச்சுக் கெடந்தா காத்து எங்க போகும் அம்மிணி?” என்றார்.

அடிமூடியைக் கழற்றினார். ஃபேன் இறக்கைகளில் அவ்வளவாக ஒன்றுமில்லை. ஃபேன் வாய்க்கும், சூட்டை வெளியேற்றச் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்கும் தகடுகளுக்கும் நடுவில்தான் இருந்தது விஷயம். இடுக்கியால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் கம்பளித் துண்டு போல முழுசாக உரிந்து வந்தது. அரை சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது: வெள்ளை, அதற்கு மேல் கிரே மெலாஞ்ச், நடுவில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. கோடு போட்ட பனியனுக்காகக் கீழே சிவப்பு நூல் ஓடியது அதற்கு முந்தின தீபாவளிக்கு முன்னால். அந்தப் பஞ்சு இத்தனை மாதமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்தத் துண்டைத் தூக்கிப் போட மனசில்லாமல் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

பிராசசரின் சூட்டைக் கடத்துகிற, காய்ந்து மண்ணாகியிருந்த தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிக் கொடுத்தார். யூனிட்டில் ஏர் கன் இருக்கிறதே, அதிலேயே ஊதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் வரும். ஃபேனும் கண்மண் தெரியாத வேகத்தில் சுற்றி பேரிங் கெட்டுப்போகும். பிளோயர் வைத்தாலும் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து அதே ஃபைலைத் திறந்தேன். 82.

சாஃப்ட்வேரின் அருமை அதற்கப்புறம்தான் தெரிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் கான்ஃபிக் எடிட்டர். ஏறுவதற்கு ஒரு டிகிரி, இறங்குவதற்கு ஒரு டிகிரி என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். நான் 60-ல் ஐம்பது சதவீத வேகம், 52-க்கு வந்தால்தான் குறைய வேண்டும் என்று வைத்தேன். இரண்டும் ஒட்டி இருந்தால் ஃபேன் நிமிஷத்துக்கு நாலு தடவை ஏறி இறங்கி உயிரை வாங்கும். இந்த எட்டு டிகிரி இடைவெளியில் ஒரே சீராக ஓடுகிறது. ‘கிரிட்டிக்கல் டெம்பரேச்சர்’ என்று இன்னொன்று உண்டு. சூடு அதைத் தொட்டால் மற்ற கணக்கெல்லாம் தள்ளுபடி, ஃபேன் முழு வேகம். சித்திரைக்கு ஒன்று, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி ஆடிக்கு ஒன்று என இரண்டு கான்ஃபிக் வைத்திருக்கிறேன். ஆடிக் காற்றில் அறை குளிர்ந்து கிடக்கும்போது ஃபேனை எதற்கு விரட்ட வேண்டும்?

குறையும் உண்டு. புது வெர்ஷன் வந்து பல வருஷமாகிறது, அதனால் புது மாடல் வாங்கியவர்களுக்குக் கான்ஃபிக் கிடைப்பது கஷ்டம். ஹார்டுவேர் வரைக்கும் இறங்கி வேலை செய்வதால் விண்டோஸ் பாதுகாப்பு எச்சரிக்கை கொடுக்கவும் வாய்ப்புண்டு. அங்கே யோசித்து முடிவெடுங்கள். லினக்ஸ்காரர்களுக்கு இதையே தழுவித் தனியாக ஒன்று எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் மாடல் லிஸ்டிலேயே இல்லையென்றால், விண்டோஸின் பவர் ஆப்ஷனில் ‘மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்’ 100 என்றிருப்பதை 99 ஆக்கிப் பாருங்கள். பெரும்பாலும் டர்போ பூஸ்ட் (பிராசசர் தேவைப்படும்போது கூடுதல் வேகம் எடுப்பது) நின்றுவிடும். எனக்கு ஃபைல் திறக்க நாலைந்து நொடி கூடியது. சூடு 82-லிருந்து 70-க்கு இறங்கியது. அதற்கும் முன்னால் அடிமூடியைக் கழற்றி அந்தச் சீப்பைப் பார்த்துவிடுங்கள்.