‘இங்கே எல்லாமே சைவம்தான்’ என்றார்கள்: பீர் பாருக்குப் போகும் சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை

கடையின் பெயரையும் ஊரையும் போடவில்லை. இங்கிலாந்தில் ஒரு நகரத்தின் நடு மையம், ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை, கிராஃப்ட் பீரும் (சிறு ஆலைகளில் தயாராகும் பீர்) இந்திய சைவச் சாப்பாடும் கிடைக்கும் பார் என்பது வரை சொன்னால் போதும். இதே மாதிரிக் கடைகள் இப்போது இங்கே பல ஊர்களில் உண்டு. எனக்கு நடந்தது உங்களுக்கு வேறு ஊரில் நடக்கலாம்.

பெரியப்பா மகன், அண்ணன், மதுரையிலிருந்து மூன்று வாரம் வந்திருந்தார். அண்ணன் விசித்திரமான சைவம். முட்டை வாசனை வந்தால்கூடத் தட்டை நகர்த்திவிடுவார், கேக் வாங்கினால் பெட்டியைத் திருப்பி நாலு முறை படிப்பார். ஆனால் பீர் குடிப்பார். “பார்லிதானேடா, பாயாசத்துக்குக்கூட போடலாம்” என்பது அவர் வாதம். வந்த நாளிலிருந்து பப்புக்குப் போகவேண்டும் என்று ஆசை, ஆனால் போன இடமெல்லாம் பன்றி இறைச்சி வாசனை. வாசலிலேயே ‘நூறு சதவீதம் சைவம்’ என்று பெரிய பலகை வைத்த கடையைப் பார்த்ததும் எனக்குத் திருப்பதி லட்டு கிடைத்த மாதிரி இருந்தது. கூட வேலை பார்க்கும் தோழி ஒருவரும் வந்தார். லெஸ்டர்க்காரர், குஜராத்திக் குடும்பம், சீலியாக் நோய் உள்ளவர், அதாவது கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உடம்புக்கு ஆகாது. கோதுமை ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் இரண்டு நாள் படுக்கைதான். அதனால் பீர் பக்கம் போகமாட்டார், ஆப்பிள் சைடர் மட்டும்.

சனிக்கிழமை மாலை, கூட்டம். நீளமான மர மேசையில் இடம் கிடைத்தது. மேசையில் ஒட்டியிருந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சாப்பாட்டை ஆர்டர் செய்யவேண்டும், பீருக்கு மட்டும் கவுன்டருக்குப் போகலாம். அங்கே வரிசையாகக் குழாய்கள், ஓரத்தில் பழைய பாணிக் கைப்பம்பு ஒன்று. அண்ணனுக்குக் கைப்பம்பைப் பார்த்ததும் கிணற்றடி ஞாபகம் வந்திருக்க வேண்டும். “அதுலேர்ந்துதான் வேணும்” என்றார்.

நான் கவுன்டர் பையனிடம் கேட்டேன். வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. “இவர் முழுச் சைவம், மீன் முட்டை எதுவும் கூடாது. இந்தப் பீர் சரியா?” அவன் யோசிக்கவே இல்லை. “இங்கே எல்லாமே சைவம்தான், பெரும்பாலானது வீகன் (பால்கூடச் சேராதது)” என்றான். அந்த ‘எல்லாமே’ என்ற சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவு.

அண்ணன் ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) முடித்து இரண்டாவதில் பாதி வந்திருந்தார். தோழி சும்மா இருக்காமல் போனில் அந்தப் பீரின் பெயரைத் தட்டினார். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலேயே இருந்தது: மரபான முறையில் ஐசிங்கிளாஸ் கொண்டு தெளிய வைத்தது, சைவர்களுக்கும் வீகன்களுக்கும் ஏற்றதல்ல.

ஐசிங்கிளாஸ் என்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. கைப்பம்பில் வரும் பீப்பாய் பீரில், அதாவது காஸ்க் ஏலில், ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பீப்பாய் கடைக்கு வந்த பிறகும் உள்ளே நொதித்தல் நடந்துகொண்டுதான் இருக்கும். அந்த ஈஸ்ட் மிதந்தால் பீர் கலங்கலாக இருக்கும் என்பதால் இந்த மீன் பசையைக் கரைத்து ஊற்றுவார்கள். ஈஸ்டுக்கு எதிர்மின்னூட்டம், பசையின் கொலாஜனுக்கு நேர்மின்னூட்டம், இரண்டும் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படிந்துவிடும். மேலே கண்ணாடி மாதிரித் தெளிந்த பீர். கின்னஸ்கூட நெடுங்காலம் இதைப் பயன்படுத்தியது, கைவிடப்போவதாக 2015-ல்தான் அறிவித்தது. பெரும்பகுதி அடியில் தங்கிவிடும், கோப்பைக்கு வருவது மிகச் சொற்பம் என்பது உண்மை. ஆனால் கேக் பெட்டியை நாலு முறை படிக்கிற மனிதரிடம் போய் ‘மிகச் சொற்பம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மங்கலாக, பார்க்கப் பழச்சாறு போல இருக்கும் நவீன ஹேஸி ஐபிஏ வகைகள் பெரும்பாலும் எதுவும் போட்டுத் தெளிய வைக்காதவை. தெளிவாக, ‘சுத்தமாக’ இருப்பதில்தான் சந்தேகம். நம் கண் சொல்வதற்கு நேர் தலைகீழ். இன்னொன்று, மீன் இங்கே சொல்லியாக வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்றுதான். ஆனால் பீரையும் வைனையும் தெளிய வைக்கப் பயன்படும் ஐசிங்கிளாஸுக்கு மட்டும் விதிவிலக்கு. ஆகவே ஒவ்வாமைப் பட்டியலில் ‘மீன்’ என்று தேடினாலும் அகப்படாது. கேட்டால்தான் உண்டு. நான் கேட்டேன், பொய்யான பதில் வந்தது. பையன் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததை ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்ல அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அண்ணன் கோப்பையை மேசையின் மறுகோடிக்குத் தள்ளிவிட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “ஏன்டா தம்பி, அப்ப மீன் தொட்டி கழுவுன தண்ணியவாடா ஒண்ணரை கிளாஸ் குடிச்சிருக்கேன்?” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மேலாளரைக் கூப்பிட்டேன்.

மேலாளர் சொன்ன பதிலில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. “பலகையில் இருப்பது சாப்பாட்டைப் பற்றி. பீர் வெளியிலிருந்து வருவது, வாராவாரம் மாறும்.” சரி, பலகையில் அப்படி எழுதியிருக்கிறதா? இல்லை. கவுன்டரில் அப்படிச் சொன்னார்களா? இல்லை. இங்கே ‘சைவம்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் தனி வரையறை கிடையாது என்பதை அன்றைக்கு அவர்தான் எனக்கு நினைவுபடுத்தினார், ஏதோ எனக்கு உதவுவது போல. வரையறை இல்லாவிட்டாலும் வாடிக்கையாளரை ஏமாற்றும்படி விவரிக்கக்கூடாது என்று பொதுவான நுகர்வோர் சட்டம் இருக்கிறதே என்றேன். தோளைக் குலுக்கினார்.

இதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. அட்டைத் தட்டுகளில் வடா பாவ், வெண்டைக்காய் வறுவல், பேல் பூரி, பனீர் டிக்கா, இட்லி சாம்பார், சோலே. ருசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெண்டைக்காய் நன்றாக இருந்தது. இட்லியை எறிந்தால் திரும்பி வரும். பேல் பூரி நமுத்திருந்தது.

தோழிக்காக முன்பே கேட்டு வைத்திருந்தோம். எதில் குளூட்டன் இல்லை? ஒவ்வாமைப் பட்டியல் உள்ள கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். சாம்பார், வெண்டைக்காய் இரண்டுக்கும் குளூட்டன் கட்டம் காலி. “கடலை மாவுதான், பயப்படாதீர்கள்” என்றார் தட்டு கொண்டுவந்த பெண். பீரில் சூடுபட்ட எனக்கு இப்போது எதிலும் நம்பிக்கை இல்லை. சாம்பாரில் பெருங்காயம் இருக்குமே என்று தோன்றியது. நம் வீட்டில் இருக்கும் கூட்டுப் பெருங்காயத் தூள் டப்பாவை எடுத்துப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். சுத்தப் பெருங்காயம் பிசின், அதன் காரம் தாங்காது என்பதால் மாவு கலந்து விற்கிறார்கள். கோந்தோடு அரிசி மாவு கலந்ததும் கிடைக்கும். எந்த டப்பா என்பதுதான் கேள்வி.

சமையல்காரரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். வந்தார், நம்மூர்ப் பக்கத்துக்காரர்தான், டப்பாவையும் கையோடு எடுத்து வந்தார். திருப்பிப் படித்தோம். கோதுமை மாவு, தடித்த எழுத்தில். அந்த மனிதரின் முகம் வாடிவிட்டது. “சார், கோப்பு யாரோ ஆபீஸ்ல போட்டது, எங்கிட்ட யாரும் கேக்கல” என்றார். வெண்டைக்காயும் சமோசாவும் ஒரே எண்ணெயில் பொரிகிறது என்பதையும் அவரே சொன்னார், கேட்காமலேயே. அந்தக் கடையில் அன்றைக்கு உண்மை பேசிய ஒரே ஆள் அவர். குளூட்டன் உள்ள தானியங்கள் உட்பட 14 ஒவ்வாமைப் பொருட்களில் எது இருந்தாலும் உணவகம் சரியாகச் சொல்லியாக வேண்டும் என்பது இங்கே சட்டம். இது ருசி விவகாரம் இல்லை, தோழி ஒரு கரண்டி சாம்பார் ஊற்றியிருந்தால் திங்கட்கிழமை வேலைக்கு வந்திருக்கமாட்டார். அவர் கடைசியில் பனீரும் சைடருமாக ஓட்டினார்.

என் பங்குக்கு இரண்டு பீர். முதலாவது ஹேஸி ஐபிஏ, நன்றாகவே இருந்தது. பலகையில் 5.80 பவுண்டு, அளவு போடவில்லை. பைன்ட் விலை என்று நினைத்தேன். வந்தது மூன்றில் இரண்டு பங்கு. அதாவது 379 மில்லி, பைன்ட் என்றால் 568. அந்த அளவில் விற்பது 2011 முதல் சட்டப்படி சரிதான், வீரியம் கூடிய பீருக்கு நல்லதும்கூட. ஆனால் பைன்ட் கணக்கில் பார்த்தால் 8.70 ஆகிறது. பக்கத்திலேயே அண்ணனின் கைப்பம்பு பீர் 4.90 என்று அதே எழுத்தில் இருக்கிறது, அது முழுப் பைன்ட். இரண்டு அளவுகளை ஒரே பத்தியில் அளவு போடாமல் எழுதி வைத்தால் யாருக்கு லாபம்?

இரண்டாவது ஒரு பேல் ஏல், வெளிர் நிறச் சாதாரண பீர். வாயில் வைத்ததும் வெண்ணெய், பின்னாலேயே காடி. பீப்பாயிலிருந்து குழாய் வரை வரும் லைனை வாரம் ஒரு முறையாவது கழுவுவது வழக்கம். விட்டுவிட்டால் உள்ளே கிருமி படிந்து இந்த இரண்டு வாசனையும் வரும். திருப்பிக் கொடுத்தேன். “அது சவர் ஸ்டைல், அப்படித்தான் இருக்கும்” என்றான் பையன். வேண்டுமென்றே புளிப்பாகச் செய்யும் சவர் பீர் எனக்குத் தெரியும், பிடிக்கவும் செய்யும். பேல் ஏல் என்று எழுதி வைத்து சவர் என்று விளக்கம் சொல்வதுதான் பிடிக்கவில்லை. மாற்றித் தரவில்லை. நான் செய்த தப்பு, முதலில் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்காதது. இந்த மாதிரிக் கடைகளில் கேட்டால் சின்ன கிளாசில் கொடுப்பார்கள், காசு வாங்குவதில்லை. வெட்கப்படாமல் கேளுங்கள்.

அப்புறம் பில். சாப்பாடு 45 பவுண்டு, குடித்தது 26.60. மொத்தம் 71.60 வரவேண்டும், போனில் காட்டியது 80.55. இடையில் 12.5 சதவீத சேவைக் கட்டணம், 8.95. ‘விருப்பத்திற்குரியது’ என்று கொசு எழுத்தில். சேவை என்ன? ஆர்டரை நான் தட்டினேன், பீரை நான் சுமந்தேன், பெருங்காய டப்பாவை நான் படித்தேன். நீக்கச் சொன்னேன். “சிஸ்டம் தானாகப் போடுவது” என்றார்கள். விருப்பத்திற்குரியது என்றால் கேட்டதும் எடுத்தாக வேண்டும். பத்து நிமிடம் நின்ற பிறகு எடுத்தார்கள். கார்டு மெஷினை நீட்டியதும் அது தன் பங்குக்கு 10, 12.5, 15 என்று மறுபடி டிப்ஸ் கேட்டது.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. 2024 அக்டோபர் முதல் இந்தக் கட்டணம் முழுவதும் வேலை செய்பவர்களுக்கே போகவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நான் நிறுத்தியதில் அந்தச் சமையல்காரரின் பங்கும் போயிருக்கும். கிளம்பும்போது அவரிடம் தனியாக ஐந்து பவுண்டு நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் கடைக்கு மின்னஞ்சல் எழுதினேன். உணவு விஷயத்தை உள்ளூர் நிர்வாகத்தின் உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்கும், பலகை விஷயத்தை சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணுக்கும் தெரிவித்தேன். நுகர்வோர் சட்டத்தை அமல்படுத்தும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ்காரர்களை நாம் நேரே பிடிக்க முடியாது, இவர்கள் வழியாகத்தான் புகார் போகும். போனில் பேசியவர் பொறுமையாகக் கேட்டார், எண் கொடுத்தார். ஒன்றரை கிளாஸ் பீருக்காக யாரும் சைரன் போட்டுக்கொண்டு வரப்போவதில்லை, தெரியும். பதிவாகி இருக்கட்டும் என்றுதான்.

இந்த வாரம் இப்படி ஒரு கடைக்குப் போகிறவர்கள் இருந்தால், ‘சைவமா?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்ற பதில் தயாராக இருக்கும். ‘இதில் ஐசிங்கிளாஸ் போட்டிருக்கிறார்களா, தயாரிப்பாளர் என்ன சொல்கிறார்?’ என்று கேளுங்கள். கேட்டவுடன் முழித்தால் கைப்பம்பை விட்டுவிடுங்கள். அதே போல முட்டையும். இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை அதில் அடக்கம், இனிப்பு வகைகளில் கவனம் வேண்டும்.

கடையிலிருந்து பத்து நாள் கழித்து வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது, கூடவே பத்து பவுண்டு கூப்பன். அண்ணன் அதற்குள் ஊருக்குப் போய்விட்டார். அங்கே இதை யாரிடமும் சொல்லக்கூடாது, முக்கியமாக அண்ணியிடம், என்று விமான நிலையத்தில் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனார். போன வாரம் அந்தப் பக்கம் போன தோழி ஒரு போட்டோ அனுப்பினார். கைப்பம்பின் கழுத்தில் இப்போது ஒரு சின்ன அட்டை தொங்குகிறது, ‘விவரத்திற்கு ஊழியரைக் கேளுங்கள்’ என்று. வாசல் பலகையில் நூறு சதவீதம் அப்படியே இருக்கிறது.