8×42 பைனாகுலர்: கொடைக்கானல் குடும்பம் ஒன்றின் நெடுநாள் அனுபவம்

பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்?" என்றுதான். மலையில் குடியிருந்து ஒரே கருவியைப் பல வருஷம் புழங்கிய பிறகு நான் சொல்வது இது: மடங்கை இரண்டாவதாகக் கேளுங்கள், எவ்வளவு வெளிச்சத்தைக் கண்ணுக்குக் கொண்டுவரும் என்பதை முதலில் கேளுங்கள்.

எங்களிடம் இருப்பது 8×42. மகள் பால்வாடிக்குப் போன வருஷம் வாங்கியது, இப்போது அவள் ஏழாம் வகுப்பு. அன்றைக்குப் பதினாலாயிரம் ரூபாய்க்குப் பக்கம் ஆனது. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இந்த விலையில் நாலைந்து கம்பெனிகள் ஏறக்குறைய இதே சரக்கைத்தான் விற்கின்றன. இந்த அளவுள்ள கருவி ஒரு மலைக்குடும்பத்தின் கையில் எப்படி உழைக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

8 என்பது மடங்கு, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. நம் கண்ணுக்குள் வந்து விழும் ஒளியின் அகலம் அவ்வளவு மில்லிமீட்டர். சட்டைப்பையில் போடும் 10×25-இல் அதே கணக்கு 2.5 தான் வரும். உச்சிவெயிலில் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிக் கிடப்பதால் அப்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. விடியற்காலை பாம்பார் சோலை ஓரத்தில் நின்று பாருங்கள். கண்மணி விரிந்திருக்கும், சின்னக் கருவி தரும் ஒளி அதற்குப் போதாது, மரத்தடி முழுக்க ஒரே கறுப்பாகத் தெரியும். 8×42-இல் அதே மரத்தடியில் சருகைப் புரட்டும் குருவியின் கால் விரல் தெரியும். சோலைக்காட்டுப் பறவைகள் பெரும்பாலும் நிழலிலேயே பிழைப்பவை. மூடுபனியும் சேர்ந்தால் பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு எல்லாம் பெரிதாகத் தெரியும் சாம்பல் நிறம்தான்.

பத்து மடங்கில் இன்னொரு தொல்லை கை நடுக்கம். பொருளைப் பெரிதாக்குவதுபோல நடுக்கத்தையும் அது பெரிதாக்கிவிடும். வட்டக்கானல் ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்று பார்க்கிறவருக்கும், வயதானவருக்கும், பிள்ளைகளுக்கும் எட்டே நிதானம். பார்வைப் பரப்பும் எட்டில்தான் அகலம். பறந்து மாறும் குருவியைப் பிள்ளைகள் தவறவிடாமல் பிடிக்க முடிவது அதனால்தான்.

இந்தக் கருவி எங்கள் வீட்டில் அதிகம் உழைக்கும் காலம் மாசி, பங்குனி, சித்திரை. உறைபனி விலகி, காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பேரி மரங்கள் வெள்ளையாகப் பூத்து நிற்கும். காட்டுப்பூவரசு என்று இங்கே சொல்லும் ரோடோடென்ட்ரான் சிவந்திருக்கும். சோலையில் நாவல் இன மரங்கள் கொழுந்து விடும்போது மரத்தின் உச்சி முழுக்கச் செம்பு நிறத்தில் இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதைப் பூ என்றே நினைப்பார்கள்.

ஆனால் மலையில் நடக்க ஆசை வரும் அதே மாதங்கள்தான் தீக்காலம். புல்வெளி காய்ந்து கிடக்கும், வனத்துறை காட்டுப் பாதைகளை மூடிவிடும். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. தடையை மீறி உள்ளே கூட்டிப்போக ஆள் கிடைத்தாலும் போகாதீர்கள், குழந்தைகளோடு போகவே போகாதீர்கள். நாங்கள் அந்த மாதங்களில் ஊர்ப்பாதை, தோட்டப்பாதை, தார்ச்சாலை ஓரம் என்றுதான் நடக்கிறோம். காட்டுக்குள் கால் வைக்காமலே அதைப் பக்கத்தில் பார்க்க வைப்பது இந்தக் கருவி. பங்குனியில் இதன் அருமை எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

பழனி சிரிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 1869-இல் அறிவியல் பெயர் பெற்ற பறவை. பழனி மலையில் பறவை சேகரித்த ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரியின் பெயரை அதற்கு வைத்தார்கள். வெள்ளைப் புருவம், சாம்பல் மார்பு, செம்பழுப்பு வயிறு. காது நிறையக் கத்தும், ஆனால் புதருக்குள்ளிருந்து கத்தும். வட்டக்கானல் போகும் வழியில் ஒரு விடியலில் தவிட்டுப்பழச் செடியில் ஒரு ஜோடி இருந்தது. ஒன்று அடித்தொண்டையில் கூப்பிட, அது முடிப்பதற்குள் மற்றது பதில் சொன்னது. கழுத்துச் சிறகு ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் சிலிர்த்து அடங்குவது வரை தெரிந்தது. மகள் பார்த்துக்கொண்டே, "அம்மா, அது வாய மூடுன அப்புறமும் தொண்ட ஆடுது" என்றாள். வெறும் கண்ணுக்கு அங்கே அசையும் இலை மட்டும்தான் இருந்தது.

பங்குனி கடைசியில் ஓடை ஓரத்து வாலாட்டிக் குருவிகள் வடக்கே கிளம்பிவிடும். பிள்ளைகள் அதற்கு முன்பே நாளைக்கொரு தடவை எண்ணி வைத்துக்கொள்கிறார்கள்.

நடைக்கு வெளியே, அன்றாட வீட்டுப் புழக்கம்தான் நான் எதிர்பாராதது. கொடைக்கானலில் டவுனுக்குள்ளேயே காட்டுமாடு வரும். ஒரு முரட்டுக் காளை ஆயிரம் கிலோவை நெருங்கும், சீண்டினால் குத்திவிடும். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூட வண்டி நிற்கும் இடத்துக்குச் சரிவுப்பாதையில் இறங்க வேண்டும், இருபுறமும் புதர். காலையில் டிபன் டப்பா கட்டி முடிப்பதற்குள் மகள் வாசல்படியில் நின்று பாதையை ஒருமுறை பார்த்துவிடுவாள். மாட்டின் உடம்பு கருப்பு, புதர் நிழலும் கருப்பு. அவள் தேடுவது மாட்டின் கால்களை. முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெளுத்திருக்கும். புதரடியில் வெள்ளையாக நாலு குச்சி தெரிந்தால், "நிக்குதும்மா, மேல் ரோட்டு வழியாப் போயிரலாம்" என்பாள். விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் 42 மி.மீ. கண்ணாடி இல்லாமல் இது நடக்காது.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, சொந்த ஊர் பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சாலை வளைவில் நின்றால் எதிரே படிப்படியாக வயல், நடுவில் ஊர், குழந்தை வேலப்பர் கோயில் எல்லாம் தெரியும். கண்புரை ஆபரேஷன் முடிந்து கண்ணாடி போட்ட பிறகு முதல் தடவையாக அத்தையை அங்கே நிறுத்தினோம். கண்ணாடி போட்டவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. கண் வைக்கும் ரப்பர் குவளையைத் திருகி உள்ளே தள்ள முடிய வேண்டும். அதோடு, கண் கொஞ்சம் விலகியிருந்தாலும் முழு வட்டமும் தெரிய வேண்டும். அந்த விலகல் தூரம் 15 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எங்களுடையது 17. அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார்கள்.

ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் எட்டு மடங்கில் 125 மீட்டரில் நிற்பதுபோலத் தெரிவார். முகம் பிடிபடாது, நடையும் நிற்கிற விதமும் பிடிபடும். பூண்டு பிடுங்கும் நேரம். அத்தை ஒவ்வொரு படியாக நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்கள். "அந்தா, நம்ம தம்பி. தலையில துண்டச் சுத்தியிருக்கான் பாரு, எங்கய்யா மாதிரியே. இடுப்பப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான், மருந்து சாப்புடல போலருக்கு." அங்கிருந்தே என் கணவரைப் போன் போடச் சொல்லி, "குனிஞ்சது போதும், ஆளு விட்டுப் புடுங்குடா" என்று சத்தம் போட்டார்கள். எதிர்ப்பக்கம் அவர் நிமிர்ந்து சாலையைத் தேடிக் கையாட்டினார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் செய்தியில் படித்திருக்கிறேன். அதைப் பிடுங்கும் உடம்பின் வலியை இவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரவிலும் இது சும்மா இருப்பதில்லை. அத்தையின் நட்சத்திரம் பூசம். நிலா இல்லாத பங்குனி ராத்திரியில், சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்குக் கடக ராசி உச்சிக்கு வந்திருக்கும். அதன் நடுவே வெறும் கண்ணுக்குப் புகை மாதிரி ஒரு திட்டு. 8×42-இல் அந்தத் திட்டு உடைந்து, எண்ணத் தொடங்கி விட்டுவிடுகிற அளவுக்கு நட்சத்திரம் நட்சத்திரமாக விரியும். மேற்கே இறங்கும் கார்த்திகையும் அப்படித்தான், ஆறு என்று நினைத்திருந்த இடத்தில் பல மடங்கு. தன் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு அப்பத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்து இரண்டு பிள்ளைகளும் போட்டுக்கொண்டார்கள். இதற்குப் பத்து மடங்கு கருவி இன்னும் நன்றாக இருக்கலாம், ஆனால் ஸ்டாண்டில் மாட்ட வேண்டும். மொட்டை மாடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் எட்டுக்கு அது தேவைப்படாது.

பிள்ளைகள் கையில் கொடுப்பவர்களுக்குக் கண்டிப்பான ஒரு பேச்சு: சூரியனை இதன் வழியாகப் பார்க்கவே கூடாது, ஒரு நொடிகூட. கண் பொசுங்கிவிடும். ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதைக் கண்டுபிடித்தது இதே கொடைக்கானல் ஆய்வகத்தில்தான். அதைப் பள்ளியில் கேட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு ஆசை வரத்தான் செய்யும். பகலில் இது எங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் பெட்டியை விட்டு வெளியே வரும்.

இனி உழைப்பில் கண்ட குறைகள். எடை 680 கிராம். கூட வந்த கழுத்துப்பட்டையோடு அரை நாள் நடந்தால் பிடரி கனத்துவிடும். இரண்டு தோளிலும் மாட்டி முதுகில் குறுக்கே போகும் பட்டை தனியாக வாங்கி மாட்டியபின் அந்த வலி போய்விட்டது. நடக்கும்போது நெஞ்சில் அடிப்பதும் நின்றது. முன்கண்ணாடி மூடிகள் இரண்டில் ஒன்று கூக்கல் ரோட்டில் விழுந்து போயிற்று. அந்த மூடிகளின் பிடிப்பே அவ்வளவுதான். இடது பக்கக் கண்குவளை நாலாம் வருஷம் தளர்ந்து, தானாக இறங்கத் தொடங்கியது. சரிசெய்ய அனுப்பிய இடத்தில் மாதக்கணக்கில் வைத்திருந்து, பாகம் வரவில்லை என்று அப்படியே திருப்பி அனுப்பினார்கள். அந்த வசந்தம் முழுக்க வீட்டில் பைனாகுலர் இல்லை, அது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். பிறகு என் கணவர் சைக்கிள் ட்யூபில் மெல்லிய வளையம் வெட்டி உள்ளே கொடுத்தார். இன்றைக்கும் அதுதான் நிற்கிறது.

வலது கண் பக்கம் ஒரு வளையம் இருக்கும், இரண்டு கண்ணின் பவர் வித்தியாசத்தைச் சரிக்கட்ட. பெரும்பாலானோர் அதைத் தொடுவதே இல்லை, பிறகு தலை வலிக்கிறது என்பார்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டு, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், அந்த வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். ஒருமுறை செய்தால் போதும். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு இடம் வருவதால், அந்த வளையத்தில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்திருக்கிறோம். அத்தைக்குச் சிவப்பு, அவருக்கு வெள்ளை, எனக்கும் மகளுக்கும் ஒரே ரோஸ். பைக்குள் உரசித் திரும்பினாலும் உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

மலையில் கண்ணாடிக் கருவிக்கு எமன் ஈரம். மழை மாதங்களில் பீரோவில் வைத்த தோல்பையே பூத்துவிடும் ஊர் இது. கண்ணாடியில் பூஞ்சை பிடித்தால் கோட்டிங்கைத் தின்றுவிடும், துடைத்தாலும் தடம் போகாது. எங்களுடையது நைட்ரஜன் அடைத்து மூடியது, அதனால் உள்பக்கம் இன்றுவரை சுத்தம். வெளிப்பக்கத்துக்காக, ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறோம். ஆரஞ்சு நிறத்தில் இருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள், நீலமாக இருக்கும் வகையில் கோபால்ட் இருக்கும், அது உடம்புக்கு ஆகாது. நிறம் மாறியதும் சமையலுக்குப் புழங்காத பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி பழைய நிறத்துக்கு வந்துவிடும். வெளியே இருந்து வந்ததும் அடுக்களை ஆவியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். துடைப்பதற்கு முன் ஊதிவிடுங்கள். முந்தானையில் துடைத்தால் அதில் இருக்கும் மண்துகள் கோடு போட்டுவிடும்.

இந்தக் கருவியால் எங்களுக்குத் தீர்க்க முடியாத ஒன்று, சின்னவன். இரண்டு குழல்களையும் எவ்வளவு மடக்கினாலும் கண்ணுக்குக் கண் 56 மில்லிமீட்டருக்குக் கீழே வராது. யூ.கே.ஜி. பிள்ளையின் கண் இடைவெளி 50-ஐ ஒட்டித்தான் இருக்கும். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு குழல் வழியாகத்தான் பார்க்கிறான். வாசல் கேட்டில் இருக்கும் சிலந்தி வலையை இரண்டு மீட்டரில் நின்று அப்படிப் பார்ப்பதில் அவனுக்குச் சலிப்பே இல்லை என்றாலும், இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஆழம் அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவனுக்கென்று 6×30 அல்லது 8×30 அளவில், 50 மில்லிமீட்டர் வரை மடங்கும் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கடைக்காரர் சொல்லும் எண்ணை நம்பி வாங்கப் போவதில்லை. மதுரை போகும்போது அவனையும் கூட்டிப்போய், கடை வாசலில் நிறுத்தி, தெருக்கோடியில் போகும் கரண்ட் கம்பி ஒன்றா இரண்டா தெரிகிறது என்று அவன் வாயாலேயே கேட்டுத்தான் வாங்குவோம்.