அம்பாசடருக்கு ஆயில் மாற்ற: ரிங் ஸ்பேனரா, ஆறு முனை பாக்ஸா, உறிஞ்சு பம்பா?

1489 சிசி பெட்ரோல் அம்பாசடருக்கு ஆயில் மாற்றுவதில் கவனம் கேட்கும் இடம் ஒன்றே ஒன்று: சம்ப் (இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டி) அடியிலுள்ள, ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைத் தலை கெடாமல் கழற்றுவது. புனலும் துணியும் எதுவானாலும் சரி. ஆயில் தட்டு மட்டும் 5 லிட்டராவது கொள்ளட்டும். வண்டியை ஏற்றியதும் ஸ்டாண்டு வைத்துவிடுங்கள், வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

ஸ்க்ரூ ஸ்பேனரை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. தாடை தளர்ந்து வழுக்கும், அவ்வளவுதான்.

உறிஞ்சு பம்ப் சுத்தமான வேலை. ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியின் குழாய் வழியே டியூப்பை இறக்கி ஆயிலை எடுத்துவிடலாம், கீழே போகவே வேண்டாம். ஆனால் பழைய இன்ஜினின் சம்ப் அடியில் படிந்த கசடு அப்படியே தங்கிவிடும். ஆயிலோடு உலோகத் தூள் வருகிறதா என்று பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். இடையில் ஒரு முறைக்குச் சரி, எப்போதுமே அதுவென்றால் எனக்கு ஒப்பில்லை.

மிச்சம், போல்ட் தலையை வளையமாகச் சுற்றிப் பிடிக்கும் ரிங் ஸ்பேனரும், தலைமேல் குழாய்போல் கவிழ்ந்து உட்காரும் ஆறு முனை பாக்ஸும். என் ஓட்டு பாக்ஸுக்கு. காரணம் துரு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஓடும் வண்டிக்கு உப்புக்காற்றும் உண்டு, இரண்டு பருவமழையும் உண்டு. போல்ட் தலையில் முதலில் அரிபடுவது முனைகள். சாதாரண 12 முனை ரிங் பிடிப்பதோ அந்த முனைகளை ஒட்டித்தான். ஓங்கி இழுத்தால் வழுக்கி, தலை உருண்டையாகிவிடும். ஆறு முனை பாக்ஸ் தட்டைப் பக்கங்களில் அழுத்துவதால் முனை தேய்ந்த போல்ட்டும் அசையும்.

அளவிலும் ஏமாறக் கூடாது. இது இஞ்ச் கணக்கு இன்ஜின். 3/4 இஞ்ச் என்பது 19.05 மி.மீ., 19 நம்பர் பாக்ஸ் ஏறக்குறையச் சரியாக உட்காரும். 1/2 இஞ்ச் தலைக்கு 13 போட்டால் 0.3 மி.மீ. ஆட்டம் கொடுக்கும், துருப்பிடித்த தலைக்கு அதுவே போதும். வாங்குமுன் போல்ட் தலையை வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

முதல் அசைவுக்கு ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருப்பும் பல் வைத்த கைப்பிடி) வேண்டாம், அதன் பல் போய்விடும். பாக்ஸில் நீளமான டீ ராடு, அதாவது T வடிவக் கைப்பிடி, போடுங்கள். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, மறுநாள் இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு, ராடை உங்கள் பக்கம் இழுங்கள். பாக்ஸுக்குக் கீழே உயரம் வேண்டும் என்பது அதன் குறை. இடம் நெருக்கமாக இருந்தால் ரிங்தான் நுழையும், அப்போதும் ஆறு முனை ரிங்காகப் பார்த்து வாங்குங்கள். விலை குறைந்த பாக்ஸ் எத்தனை நாள் வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. சுவர் மெலிந்ததை மட்டும் தவிர்க்கலாம்.

திரும்பப் பூட்டும்போது புது செம்பு வாஷர். கிடைக்காவிட்டால் பழையதைச் செக்கச் சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும். கசிகிறது என்று மேலும் மேலும் முறுக்கினால் மரை போய்விடும்.

கிண்ண வகை ஃபில்டராக இருந்தால் ஃபில்டர் ரென்ச்சுக்குச் செலவழிக்க வேண்டாம், நடு போல்ட்டுக்கும் ஸ்பேனரே போதும். பள்ளத்தில் ஒட்டிக்கிடக்கும் பழைய ரப்பர் வளையத்தைக் கூர்முனையால் கிளப்பி எடுத்துவிடுங்கள். அதன் மேலேயே புதியதை வைத்தால், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீறிட்டு வரும்.